இரண்டு வீடு இருக்கலாம், ஊர் ஒன்றுதான்

ஜனவரி பிறந்ததும் எங்கள் பக்கத்தில், நியூஜெர்சியின் எடிசனில், சில வீட்டு வாசல்களில் பனி அள்ளப்படாமல் அப்படியே கிடக்கும். வீட்டுக்காரர்கள் ஃப்ளோரிடாவில் இருப்பார்கள். வேலையிலிருந்து ஓய்வு பெற்றாயிற்று, பிள்ளைகளுக்குக் கல்யாணம் ஆயிற்று, டாம்பா பக்கம் சின்னதாக ஒரு காண்டோவும் (அடுக்குமாடி வீடு) வாங்கியாயிற்று. ஏப்ரலில் திரும்பி வரும்போது பை நிறைய முருங்கைக்கீரையோடு ஒரு கேள்வியையும் கொண்டுவருவார்கள்.

"ஃப்ளோரிடாவுல வருமான வரியே கிடையாதாமே! 183 நாள் அங்க இருந்துட்டா நியூஜெர்சிக்கு ஒண்ணும் கட்ட வேண்டாம்னு எல்லாரும் சொல்றாங்க. நிஜமா சார்?"

இந்த 183 நம்மவர்கள் நடுவில் ராகுகாலம் மாதிரி ஆகிவிட்டது. எல்லாருக்கும் தெரியும், ஏன் என்று யாரும் கேட்பதில்லை. அந்த எண்ணுக்கு ஒரு வேலை உண்டுதான். ஆனால் அதன் முறை இரண்டாவதாகத்தான் வரும். அதற்கு முன்னால் கேட்க வேண்டியது வேறு.

முதலில் அடிப்படையைச் சொல்லிவிடுகிறேன். நீங்கள் எந்த மாநிலத்தில் இருந்தாலும் ஃபெடரல் வரி, அதாவது மத்திய அரசின் வரி, ஒன்றுதான். ஓய்வூதியம், 401கே (வேலையிடம் வழியாகச் சேர்க்கும் ஓய்வுகாலச் சேமிப்பு), ஐஆர்ஏ (தனிநபராகச் சேர்க்கும் ஓய்வுகாலச் சேமிப்பு) எல்லாவற்றுக்கும் அது உண்டு. வருமானத்தைப் பொறுத்து, மத்திய அரசு மாதாமாதம் தரும் ஓய்வுகாலத் தொகையான சோஷியல் செக்யூரிட்டியிலும் 85 சதவீதம் வரை அதன் வலையில் விழும். மாநிலத்துக்கு மாநிலம் மாறுவது அதற்கு மேல் வரும் மாநில வருமான வரி. ஃப்ளோரிடா, டெக்சஸ், நெவாடா, டென்னசி, வயோமிங், தெற்கு டகோட்டா, அலாஸ்கா ஆகியவற்றில் அது இல்லை. நியூ ஹாம்ப்ஷயரும் வட்டி, டிவிடெண்ட் மீது மட்டும் வைத்திருந்த வரியை 2025 தொடக்கத்தோடு எடுத்துவிட்டது. வருமான வரி வாங்கும் மாநிலங்களிலும் எல்லாம் ஒரே மாதிரி இல்லை. இல்லினாயும் பென்சில்வேனியாவும் சம்பளத்துக்கு வரி போடும், ஓய்வுகால வருமானத்தைப் பெரும்பாலும் தொடாது. நியூயார்க், தன் மாநில அரசும் ஃபெடரல் அரசும் தரும் ஓய்வூதியத்தை முழுதாக விட்டுவிடும். தனியார் ஓய்வூதியம், ஐஆர்ஏ என்றால் 59½ வயதுக்கு மேல் தலைக்கு 20,000 டாலர் வரை தள்ளுபடி. சோஷியல் செக்யூரிட்டிக்குப் பெரும்பாலான மாநிலங்கள் வரி போடுவதில்லை. நியூஜெர்சியும் போடுவதில்லை.

அடுத்த சந்தேகம்: "முப்பது வருஷம் நியூஜெர்சியில சம்பாதிச்ச பணம்தானே இந்த 401கே? நான் எங்க போனாலும் அவங்க பங்கு கேட்பாங்களா?" நியாயமான கேள்வி. ஒரு காலத்தில் கேட்கத்தான் செய்தார்கள். கலிஃபோர்னியாவில் வேலை பார்த்துவிட்டு நெவாடாவில் குடியேறிய முதியவர்களுக்கு, இங்கே சம்பாதித்த ஓய்வூதியம் என்று கலிஃபோர்னியாவிலிருந்து வரிச்சீட்டு போனது. அது பெரிய சண்டையாகி, 1996 ஜனவரியில் ஒரு ஃபெடரல் சட்டம் வந்தது. தன் மாநிலத்தில் குடியிருக்காதவரின் ஓய்வூதியத்தின் மீது எந்த மாநிலமும் கை வைக்கக் கூடாது என்பது அதன் சாரம். 401கே, பள்ளி, ஆஸ்பத்திரி, அரசு ஊழியர்களுக்கான அதே மாதிரிச் சேமிப்புகளான 403பி, 457, ஐஆர்ஏ, அரசு ஓய்வூதியம் எல்லாம் அதில் அடங்கும். அதனால் ஓய்வூதியம் எங்கே சம்பாதித்தது என்பது இப்போது பொருட்டில்லை. பணம் கைக்கு வரும் நாளில் நீங்கள் எந்த மாநிலத்தவர் என்பதில்தான் எல்லாம் இருக்கிறது.

சட்டத்தில் இதற்கு டொமிசைல் என்று பெயர். அகராதியைப் பார்த்து 'நிரந்தர வசிப்பிடம்' என்று எழுதலாம், ஆனால் அந்தச் சொல்லில் உயிர் இல்லை. நம்மிடம் அதைவிட நல்ல சொல் இருக்கிறது: ஊர். சென்னையில் இருபது வருடம் குடியிருப்பவரும் பொங்கலுக்கு பஸ் ஏறும்போது "ஊருக்குப் போறேன்" என்பார். எங்கே சுற்றினாலும் கடைசியில் எங்கே திரும்பிப் போவீர்களோ அதுதான் டொமிசைல். வீடு நாலு இருக்கலாம், ஊர் ஒன்றுதான் இருக்க முடியும். நம் சொந்த ஊருக்கும் இதற்கும் ஒரு வித்தியாசம் உண்டு. சொந்த ஊர் பிறப்போடு ஒட்டியது. இந்த ஊரை நீங்கள் மாற்றிக்கொள்ளலாம். ஆனால் பழைய ஊரை விட்டதையும் புதிய ஊரைப் பிடித்ததையும், இரண்டையும், நீங்கள்தான் நிரூபிக்க வேண்டும். நிரூபிக்கும் வரை பழையதே ஊர்.

வாயால் சொன்னால் போதாதா? போதாது. இதற்கு ஒரு பழைய வழக்கு உண்டு. கேம்பெல் சூப் டப்பாவைப் பார்த்திருப்பீர்கள். அந்தக் கட்டிச் சூப்பைக் கண்டுபிடித்து கம்பெனித் தலைவராகவும் ஆன ஜான் டோரன்ஸ் 1930-இல் இறந்தார். நியூஜெர்சியில் அவருக்கு ஒரு வீடு. பென்சில்வேனியாவில் ராட்னர் என்ற இடத்தில் இன்னொரு பெரிய வீடு. குடும்பம் வாழ்ந்தது ராட்னரில். அவரோ தான் நியூஜெர்சிக்காரர் என்றே கடைசிவரை சொல்லிவந்தார். வாழ்ந்த இடம்தான் ஊர் என்றது பென்சில்வேனியா உச்ச நீதிமன்றம். அவர் சொன்ன இடம்தான் ஊர் என்றன நியூஜெர்சி நீதிமன்றங்கள். அமெரிக்க உச்ச நீதிமன்றம் தலையிட மறுத்துவிட்டது. ஒரே மனிதரின் ஒரே சொத்துக்கு இரண்டு மாநிலங்களும் ஆளுக்கு ஒரு கோடி டாலருக்கு மேல் வாரிசு வரி வாங்கின. ஊர் ஒன்றுதான் இருக்க முடியும் என்பது சட்டம். ஆனால் அந்த ஒன்று எது என்பதில் இரண்டு மாநிலங்கள் முரண்பட்டால் நடுவில் மாட்டிக்கொள்பவர் நாம்தான்.

அதனால் வரித்துறை வாழ்க்கையைப் பார்க்கிறது. இதில் நியூயார்க்தான் கெட்டிக்காரப் பள்ளிக்கூட வாத்தியார். அங்கே தணிக்கை வந்தால் முதலில் ஐந்து விஷயங்களைப் பார்ப்பார்கள். எந்த வீடு பெரியது, எதில் நிஜமாகக் குடித்தனம் நடக்கிறது என்பது ஒன்று. பிறகு, தொழிலில் இன்னும் கை இருக்கிறதா, நேரம் எங்கே கழிகிறது, மனதுக்கு நெருங்கிய பொருள்கள் எங்கே இருக்கின்றன, குடும்பம் எங்கே.

நாலாவது கொஞ்சம் வேடிக்கையானது, ஆனால் அதில்தான் பலர் வழுக்குகிறார்கள். தெரிந்தவர் ஒருவர் ஃப்ளோரிடாவில் ஓட்டுநர் உரிமம் எடுத்தார், வாக்காளர் பட்டியலில் பெயர் சேர்த்தார், கவுண்டி அலுவலகத்தில் 'இனி இதுவே என் இருப்பிடம்' என்ற உறுதிமொழிப் பத்திரமும் பதிந்தார். காகிதத்தில் ஒரு குறையும் இல்லை. எடிசன் வீட்டுக்குப் போனால் கூடத்தில் அம்மா கொடுத்த தஞ்சாவூர் ஓவியம். பூஜை அறையில் கும்பகோணத்திலிருந்து வந்த விக்கிரகங்கள். மாமியின் வீணை மூலையில். கல்யாண ஆல்பம் அலமாரியில். டாம்பா காண்டோவில் இரண்டு பிளாஸ்டிக் நாற்காலியும் ஒரு பிரஷர் குக்கரும். எது ஊர் என்று சொல்ல தணிக்கையாளர் வேண்டுமா? மாமியைக் கேட்டாலே போதும். உரிமமும் வாக்காளர் பதிவும் வேண்டாம் என்று சொல்லவில்லை. அவற்றைக் கட்டாயம் மாற்றுங்கள். ஆனால் நியூயார்க் அவற்றை இரண்டாம் வரிசையில்தான் வைக்கிறது. முதல் வரிசை மேலே சொன்ன ஐந்தும்தான்.

இப்போது 183-க்கு வருவோம். சரி, ஊர் ஃப்ளோரிடாதான் என்று நிரூபித்துவிட்டீர்கள். அதற்குப் பிறகும் பழைய மாநிலத்துக்கு இன்னொரு கொக்கி இருக்கிறது. உங்கள் ஊர் வேறாக இருந்தாலும், நியூஜெர்சியில் நிலையான வீடு ஒன்றை வைத்துக்கொண்டு ஆண்டில் 183 நாளுக்கு மேல் அங்கே கழித்தால், அந்த ஆண்டு முழுக்க நீங்கள் நியூஜெர்சிவாசியாகவே வரி கட்ட வேண்டும். நியூயார்க்கில் 184 நாள் ஆனால் அதே கதி. அதாவது 183 என்பது பழைய மாநிலத்தில் தாண்டக் கூடாத கோடு. புதிய மாநிலத்தில் எட்டிவிட்டால் மெடல் தரும் கோடு இல்லை. ஃப்ளோரிடாவில் 200 நாள் இருந்தும் ஊர் நியூஜெர்சியாகவே இருக்கலாம்.

எண்ணும் விதமும் முக்கியம். நியூயார்க் கணக்கில் நாளின் ஒரு துளி அங்கே கழிந்தாலும் அது முழு நாள். இரவு 11 மணிக்கு வந்து சேர்ந்தாலும் ஒரு நாள், மறுநாள் காலை 6 மணிக்குக் கிளம்பினால் அதுவும் ஒரு நாள். விமானம் மாறுவதற்காக மட்டும் கடந்துபோன நாளும், ஆஸ்பத்திரியில் உள்நோயாளியாகப் படுத்திருந்த நாளும் கணக்கில் சேராது. செல்போன் பதிவு, கிரெடிட் கார்டு பில், சுங்கச்சாவடி ஈஸி-பாஸ் பதிவு எல்லாம் தணிக்கைக்குப் போகும் சாட்சிகள். பேத்தியின் அரங்கேற்றத்துக்காக மேலும் ஒரு வாரம் தங்கியதும் அதில் தெரியும். ஒரு நாட்குறிப்பு வைத்துக்கொள்ளுங்கள். சமையலறைக் காலண்டரில் பால் கணக்கு எழுதுவது மாதிரி எழுதினாலே போதும்.

நிலையான வீடு என்றால் எது என்பதிலும் ஒரு நல்ல தீர்ப்பு உண்டு. நியூஜெர்சியில் குடியிருந்த ஒருவர் நியூயார்க்கின் ஸ்டேட்டன் தீவில் தன் பெற்றோருக்காக வீடு வாங்கியிருந்தார். அவர் தொழிலும் அந்தத் தீவில்தான். வீடு அவர் பெயரில் இருப்பதால் அவரும் நியூயார்க்வாசிதான் என்றது வரித்துறை. வழக்கு மாநிலத்தின் உச்ச அமைப்பான மேல்முறையீட்டு நீதிமன்றம் வரை போனது. அவர் அதைத் தன் வீடாகப் பயன்படுத்தினாரா என்று பார்க்காமல் முடிவு செய்யக் கூடாது என்று 2014-இல் தீர்ப்பு வந்தது. அப்பா அம்மாவுக்கு வீடு வாங்கித் தருகிற பிள்ளைகள் நம்மில் நிறைய. அதனால் இதை நினைவில் வைத்துக்கொள்ளலாம்.

எல்லா மாநிலமும் இதே அளவுகோலை வைத்திருக்கவில்லை. ஆண்டில் ஒன்பது மாதத்துக்கு மேல் இருந்தால் நீங்கள் தன் மாநிலத்தவர் என்று கலிஃபோர்னியா அனுமானித்துக்கொள்ளும். அதற்குக் கீழே இருந்தாலும் உறவு எங்கே நெருக்கம் என்று தோண்டும்.

இவ்வளவு பாடுபட்டு என்ன மிச்சம் என்று இப்போது பார்க்கலாம். இதை ஏன் யாரும் முதலில் கேட்பதில்லை என்பதே எனக்கு ஆச்சரியம். 62 வயது தாண்டிய தம்பதி என்று வைத்துக்கொள்வோம். ஓய்வூதியம் 30,000 டாலர். ஐஆர்ஏவிலிருந்து எடுப்பது 48,000. வட்டியும் டிவிடெண்டும் 21,600. கூட்டினால் 99,600. சோஷியல் செக்யூரிட்டி தனியாக 50,000 வருகிறது, ஆனால் நியூஜெர்சி அதை எண்ணாது. கூட்டாகத் தாக்கல் செய்யும் தம்பதிக்கு மொத்த வருமானம் 1 லட்சம் டாலரைத் தாண்டாவிட்டால், நியூஜெர்சியில் 1 லட்சம் வரை ஓய்வூதிய விலக்கு உண்டு. ஓய்வூதியமும் ஐஆர்ஏவும் சேர்ந்த 78,000 அப்படியே கழியும். சம்பளமோ தொழில் வருமானமோ 3,000 டாலருக்கு மேல் இல்லை என்றால் மிச்சமிருக்கும் விலக்கை வட்டிக்கும் பயன்படுத்தலாம். வரி: பூஜ்யம். ஃப்ளோரிடாவிலும் பூஜ்யம்தான். இவர்கள் வருமான வரிக்காக ஊரை மாற்றினால் மிச்சமாவது ஒன்றுமில்லை.

இதே தம்பதிக்கு வட்டி 500 டாலர் கூடி மொத்தம் 1,00,100 ஆனால் கதை மாறும். 1 லட்சத்துக்கு மேல் 1.25 லட்சம் வரை விலக்கு பாதியாகிவிடும், 1.5 லட்சம் வரை கால்வாசி, அதற்கு மேல் கிடையவே கிடையாது. அந்த 500 டாலர் வட்டியால் இவர்களுக்கு வரும் வரியே 500 டாலரைத் தாண்டும். படிக்கட்டு மாதிரி இல்லை, மொட்டை மாடி விளிம்பு மாதிரி. டிசம்பர் மாதம் ஐஆர்ஏவிலிருந்து எடுக்கும் முன் இந்த ஒரு கூட்டலைப் போட்டுப் பார்ப்பது, டாம்பாவுக்கு வீடு மாற்றுவதைவிட லாபம்.

ஆனால் வருமானம் 1.6 லட்சம் என்றால் விலக்கு துளியும் இல்லை. வீட்டு வரிக் கழிவும் தனிநபர் கழிவும் சேர்ந்து 15,000 போனால்கூட நியூஜெர்சி வரி சுமார் 5,200 டாலர் வரும். 73 வயதில் ஐஆர்ஏவிலிருந்து கட்டாயமாக எடுத்தாக வேண்டிய தொகை ஆரம்பித்ததும் பலர் இந்த இடத்துக்குத் தள்ளப்படுகிறார்கள். ஊர் மாற்றுவதற்கு அர்த்தம் இருப்பது இவர்களுக்குத்தான். அப்போதும் எதிர்ப்பக்கக் கணக்கைப் போட வேண்டும். இரண்டு வீட்டுக்கும் சொத்து வரி, காண்டோ பராமரிப்பு, ஃப்ளோரிடாவில் ஏறிக்கொண்டே போகும் வீட்டுக் காப்பீடு.

சொத்து வரிச் சலுகையில்தான் மாட்டிக்கொள்வதற்கு எளிய வழி இருக்கிறது. ஃப்ளோரிடாவில் ஹோம்ஸ்டெட் சலுகை உண்டு. வீட்டின் மதிப்பில் சுமார் 50,000 டாலர் வரை கழித்து வரி போடுவார்கள், மதிப்பு ஆண்டுக்கு 3 சதவீதத்துக்கு மேல் ஏறாமலும் தடுப்பார்கள். ஆனால் அது உங்கள் நிரந்தர வீடாக இருக்க வேண்டும். இந்தப் பக்கம் நியூஜெர்சி 65 வயது தாண்டிய வீட்டுக்காரர்களுக்கு ஆங்கர், சீனியர் ஃப்ரீஸ், ஸ்டே என்ஜே என்று சலுகைகள் தருகிறது. மூன்றும் சேர்த்து 2024-க்கான உச்சவரம்பு 6,500 டாலர். ஆனால் அந்த வீடு உங்கள் முதன்மை வீடாக இருக்க வேண்டும். இரண்டு பக்கமும் விண்ணப்பித்தால் இரண்டு அரசாங்கத்திடமும் 'இதுதான் என் ஊர்' என்று கையெழுத்துப் போட்டுக் கொடுத்ததாகும். தகுதியில்லாமல் ஹோம்ஸ்டெட் வாங்கியதாகக் கண்டுபிடித்தால் ஃப்ளோரிடா பத்து வருடம் வரை பின்னோக்கிப் போய் விட்டுப்போன வரியையும், 50 சதவீத அபராதத்தையும், ஆண்டுக்கு 15 சதவீத வட்டியையும் கேட்கும். கணவர் ஒரு மாநிலம், மனைவி ஒரு மாநிலம் என்று பிரித்துக்கொள்ளலாமே என்று ஒருவர் கேட்டார். சேர்ந்து வாழும் தம்பதி அப்படிச் சொன்னால் அதை நம்பவைப்பது கடினம்.

ஊர் மாறினாலும் பழைய மாநிலத்தை விட்டு வராத வருமானங்களும் உண்டு. எடிசன் வீட்டை வாடகைக்கு விட்டால் அந்த வாடகை நியூஜெர்சியின் வரிக்கு உட்பட்டதே. நியூஜெர்சியில் வேலை பார்த்தபோது கிடைத்த பங்கு ஒதுக்கீடு பிறகு கைக்கு வந்தாலும் அந்த வேலைக்கான பகுதிக்கு வரி அங்கேதான். வங்கி வட்டி, டிவிடெண்ட், ஓய்வூதியம் மூன்றும் உங்களோடு ஊர் மாறும்.

வீட்டை விற்கும்போது 'எக்ஸிட் டாக்ஸ்' என்று ஒன்று உண்டு, நியூஜெர்சியை விட்டுப் போனால் அபராதம் போடுவார்கள் என்று ஒரு பீதி உலவுகிறது. அப்படி ஒரு தனி வரியே இல்லை. வெளிமாநிலத்தவர் வீடு விற்றால், வர இருக்கும் வரிக்கு முன்பணமாக லாபத்தில் 10.75 சதவீதம் அல்லது விற்ற விலையில் 2 சதவீதம், எது அதிகமோ அதைப் பத்திரப்பதிவின்போதே பிடித்துவைப்பார்கள். 6 லட்சம் டாலருக்கு விற்றால் குறைந்தது 12,000. அடுத்த ஆண்டு வெளிமாநிலத்தவருக்கான படிவத்தைத் தாக்கல் செய்தால், உண்மையில் கட்ட வேண்டியது போக மீதி திரும்பி வரும்.

நகர்ந்த ஆண்டு மட்டும் கணக்கு இரண்டாகப் பிரியும். ஜூலை வரை நியூஜெர்சி, பிறகு ஃப்ளோரிடா என்றால் நியூஜெர்சிக்கு அந்தப் பாதி ஆண்டுக்கு மட்டும் தாக்கல் செய்ய வேண்டும். ஐஆர்ஏ பணத்தை மே மாதம் எடுத்தால் நியூஜெர்சிக் கணக்கு, செப்டம்பரில் எடுத்தால் இல்லை. பெரிய தொகை எடுக்க நினைப்பவர்கள் லாரியில் சாமான் ஏறும் வரை பொறுத்திருப்பது நல்லது. ஒரு சின்ன எச்சரிக்கையும் உண்டு. 401கே-யில் போடும் பணத்தை நியூஜெர்சி அப்போது விட்டுவிடும், ஆனால் ஐஆர்ஏ, 403பி-யில் போடும்போதே வரி வாங்கிவிடும். திரும்ப எடுக்கையில் அந்த முதலுக்கு மறுபடி வரி கேட்காது. ஆனால் பிள்ளையோடு இருக்கலாம் என்று கலிஃபோர்னியாவுக்குப் போனால் அந்த மாநிலம் நீங்கள் எடுக்கும் மொத்தத்துக்கும் வரி கேட்கும். ஆசிரியர்களும் ஆஸ்பத்திரி ஊழியர்களும் இதைக் கவனிக்க வேண்டும்.

கடைசியாக, மூன்றாவது வீடு உள்ளவர்கள். நியூஜெர்சியில் 130 நாள், டாம்பாவில் 100 நாள், மீதி கோயம்புத்தூரில். எங்கேயும் 183 தொடவில்லையே, எந்த மாநிலத்துக்கும் கட்ட வேண்டாம்தானே என்று சந்தோஷமாகக் கேட்பார்கள். எங்கும் புது ஊரைப் பிடிக்காதவரை பழைய ஊரே ஊர் என்று முன்பே சொன்னேன். டாம்பாவை ஊராக்கவில்லை என்றால் இவர்கள் நியூஜெர்சிக்காரர்கள்தான், கோவையில் எத்தனை மாதம் இருந்தாலும் சரி. நியூஜெர்சியை ஊராகக் கொண்டவரை வெளிமாநிலத்தவர் போல நடத்த ஒரே வழிதான் வைத்திருக்கிறார்கள்: அங்கே நிலையான வீடு இருக்கக் கூடாது, வெளியே நிலையான வீடு இருக்க வேண்டும், ஆண்டில் 30 நாளுக்கு மேல் நியூஜெர்சியில் தங்கவும் கூடாது. பேரன் பேத்தி எடிசனில் இருக்கும் எந்தப் பாட்டியும் அந்த மூன்றாவது நிபந்தனைக்கு ஒத்துக்கொண்டு நான் பார்த்ததில்லை.